பயிற்சித் தோட்டாவுக்கு எந்த மருந்து?

ரைஃபிள் சுடுவதில் கை படிய வேண்டுமானால் நிறையச் சுட வேண்டும். மூச்சை நிறுத்தும் கணம், விசையை உதறாமல் இழுக்கும் விரல், காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்ற கணிப்பு ஆகியவை புத்தகம் படித்து வருபவை அல்ல. ஆனால் கடைத் தோட்டாவின் விலை பயிற்சிக்கு முட்டுக்கட்டை போடுகிறது. அதனால்தான் அமெரிக்காவில் பல தலைமுறைகளாக, சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்பும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அதற்கான அச்சுகள், அளவைகள், தராசுகள், கையேடுகள் எல்லாம் அங்கே ஒரு தனித் தொழில். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே இந்தக் கட்டுரை அமெரிக்கக் களத்தைப் பற்றியது.

மறுநிரப்பலில் இறங்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, மலிவான வெடிமருந்து எது என்பது. விலைப்பட்டியலில் கீழே இருப்பதை எடுத்துக்கொள்வது இயல்பாகத் தோன்றும். அது தவறான வழி என்பதே என் முடிவு. பயிற்சித் தோட்டாவின் மருந்தைத் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: துப்பாக்கி எப்படி இயங்குகிறது, ஒரு சூட்டுக்கு எவ்வளவு மருந்து செல்கிறது, அந்த மருந்துக்கு உற்பத்தியாளர் அச்சிட்ட அளவுப் பட்டியல் இருக்கிறதா. பவுண்டு விலை இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

செலவு எங்கே இருக்கிறது

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, கூட்டின் வாயில் செருகிய குண்டு. இவற்றில் கூடு விலை உயர்ந்தது. ஆனால் அது திரும்பத் திரும்பப் பயன்படும். மற்ற மூன்றும் ஒவ்வொரு சூட்டிலும் போய்விடும். பிரைமரின் விலையில் நாம் செய்யக்கூடியது அதிகம் இல்லை. மிச்சம் பிடிக்க இடமுள்ளவை குண்டும் மருந்தும்தான்.

மருந்தை அளக்கும் அலகு கிரெய்ன். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். .223 ரெமிங்டன் தோட்டாவுக்கு ஏறத்தாழ 25 கிரெய்ன் மருந்து செல்கிறது என்று வைத்தால், ஒரு பவுண்டில் 280 தோட்டா நிரப்பலாம். .308 வின்செஸ்டருக்கு 44 கிரெய்ன் என்றால் 159. .30-06க்கு 48 கிரெய்ன் என்றால் 145. பவுண்டு 40 டாலர் என்று கொண்டால், மருந்துச் செலவு முறையே 14, 25, 27 சென்ட் அளவில் நிற்கும். இவை கணக்குக்காக எடுத்த உத்தேச எண்கள். இவற்றைப் பார்த்து யாரும் நிரப்பக் கூடாது.

பவுண்டுக்கு 5 டாலர் குறைவான மருந்தைத் தேடிப் பிடித்தால் .223இல் ஒரு தோட்டாவுக்கு மிச்சமாவது 2 சென்டுக்கும் குறைவு; .308இல் 3 சென்ட். .308இலிருந்து .223க்கு மாறினால் மருந்தில் மட்டும் 11 சென்ட் மிச்சம். குண்டும் சிறியது என்பதால் அதன் விலையும் இறங்கும். எந்தத் தோட்டாவைச் சுடுகிறோம், அதில் எவ்வளவு மருந்து இடுகிறோம் என்ற இரண்டும் பவுண்டு விலையைவிடப் பல மடங்கு வலிமையான காரணிகள். மலிவைத் தேடுகிறவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய கணக்கு இதுதான்.

மலிவு மருந்தின் கதை

புகையில்லா மருந்தின் வரலாறு 1884இல் பிரான்சில் பால் வியேல் உருவாக்கிய மருந்தோடு தொடங்குகிறது. நைட்ரோசெல்லுலோஸை மட்டும் அடிப்படையாகக் கொண்டது அது. 1887இல் ஆல்ஃபிரட் நோபல் அதோடு நைட்ரோகிளிசரினைச் சேர்த்து பாலிஸ்டைட் செய்தார். 1889இல் பிரிட்டனில் ஏபலும் டிவாரும் கார்டைட்டைக் கொண்டுவந்தனர். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்திலுள்ள அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலைக்குப் பெயர் கொடுத்ததும் அந்தக் கார்டைட்தான்.  ஒற்றை அடிப்படை, இரட்டை அடிப்படை என்று இன்றும் நடப்பிலுள்ள பிரிவு 1884 முதல் 1889 வரையிலான அந்த ஐந்தாண்டுகளில் பிறந்தது.

மலிவான பயிற்சி என்ற எண்ணத்துக்கு அமெரிக்காவில் கதவைத் திறந்தவர் புரூஸ் ஹாட்ஜ்டன். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்திடம் மலைபோல் மருந்து மிஞ்சியது. கன்சாஸைச் சேர்ந்த அவர் தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி, 50,000 பவுண்டு 4895 மருந்தை வாங்கினார். அதைப் புல்வெளி ஒன்றில் நிறுத்திய பழைய ரயில் பெட்டியில் வைத்தார். விளம்பரம் கொடுத்து மலிவாக விற்றார். பிறகு 20 மி.மீ. பீரங்கிக்கான மருந்தும் 4831 என்ற எண்ணோடு சந்தைக்கு வந்தது. சாமானியர்கள் வாரந்தோறும் சுடப் போக முடிந்தது இந்த உபரியால்தான்.

உபரி என்றைக்கும் ஓர் அளவுக்குட்பட்டது. அது தீர்ந்தபோது ஹாட்ஜ்டன் நிறுவனம் அதே தன்மையுள்ள மருந்தைப் புதிதாகச் செய்விக்க ஸ்காட்லாந்தை நாடியது. பின்னர் அந்த வேலை ஆஸ்திரேலியாவுக்குப் போனது. இன்று அந்த நிறுவனப் பெயரில் விற்கும் எச் 4895, வார்கெட் போன்றவை நியூ சவுத் வேல்ஸின் முல்வாலாவில் தயாராகின்றன. கடல் கடந்து வரும் சரக்கு என்பதால் பஞ்ச காலத்தில் முதலில் அலமாரியை விட்டு மறைவதும் அவையே. 2020க்குப் பிறகு தேவை பெருகியதும், உக்ரைன் போரால் உலகெங்கும் நைட்ரோசெல்லுலோஸுக்கு நெருக்கடி வந்ததும் விலையை மேலே தள்ளிவிட்டன. ஒரே ஒரு மருந்தை மட்டும் நம்பியிருப்பவர் பயிற்சியே இல்லாமல் போகக்கூடிய காலம் இது. மாற்றாக இன்னொரு மருந்தையும் முன்கூட்டியே சோதித்து வைத்திருப்பது விவேகம்.

உருண்டையும் குச்சியும்

ரைஃபிள் மருந்துகள் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வருகின்றன. ஒன்று, பசைபோன்ற கலவையை நுண்துளை வழியே பிதுக்கித் துண்டாக்கிய குச்சி மருந்து. மற்றது உருண்டை மருந்து. பின்னதன் பிறப்பே சிக்கனத்தில் நிகழ்ந்தது. முதல் உலகப் போரில் மிஞ்சிய பழைய மருந்து கெட்டுக்கொண்டிருந்தபோது, அதைக் கரைத்து நைட்ரோசெல்லுலோஸை மீட்கும் வழியை ஃபிரெட் ஓல்சன் ஆராய்ந்தார். அதன் விளைவாக 1930களில் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தின் உருண்டை மருந்து வந்தது. குச்சி மருந்தைவிட விரைவாகவும் குறைந்த ஆபத்தோடும் அதைச் செய்ய முடிந்தது.

பயிற்சிக்காகக் கட்டுக்கட்டாக நிரப்புகிறவருக்கு உருண்டை மருந்து தரும் பெரிய வசதி அதன் ஓட்டம். கைப்பிடியைத் திருப்பினால் ஓர் அளவு விழும்படியான அளவைக் கருவியில் அது தண்ணீர்போல் இறங்கும். தோட்டாவுக்குத் தோட்டா வேறுபாடு ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கும். நீளமான குச்சி மருந்து அப்படி விழாது. ஐஎம்ஆர் என்ற வணிகப் பெயரில் வரும் 4064 போன்றவற்றில் குச்சிகள் குறுக்கே மாட்டும், கருவி அவற்றை வெட்டும், அளவு கூடிக் குறையும். ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்திச் சரிசெய்தால் துல்லியம் வரும்; ஆனால் ஒரு மாலையில் 50 தோட்டாதான் முடியும். போட்டிக்கு நிரப்புகிறவருக்கு அது தகும். நூற்றுக்கணக்கில் நிரப்புகிறவருக்கு நேரமும் செலவுதான். எச் 335, பிஎல்-சி(2), வின்செஸ்டர் 748, ராம்ஷாட் டேக் ஆகிய உருண்டை மருந்துகள் .223 பயிற்சித் தோட்டாவில் நிலைத்த இடம் பெற்றதற்குக் காரணம் இதுவே.

குறைகளும் உண்டு. உருண்டை மருந்தின் மேற்பூச்சு எரிதலைத் தாமதப்படுத்துவதற்கானது. அதனால் பற்றவைப்பதும் சற்றுக் கடினம். குளிர்காலத்தில் சில அளவுகளுக்குச் சூடு கூடிய மேக்னம் பிரைமரைக் கையேடுகள் பரிந்துரைப்பது இதனால்தான். கையேடு எந்தப் பிரைமரைச் சொல்கிறதோ அதையே இட வேண்டும். பிரைமர் மாறினால் அழுத்தமும் மாறும். வெப்பநிலைக்கு ஏற்ப வேகம் மாறுவதும் பொதுவாக உருண்டை மருந்தில் அதிகம். கோடை வெயிலில் துப்பாக்கியின் சூடான அறையில் தங்கிய தோட்டாவின் அழுத்தம் ஏறும். வார்கெட், எச் 4895 போன்ற குச்சி மருந்துகள் இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு உருவானவை. ஆனால் 100 கஜத்தில் பயிற்சி செய்கிறவருக்கு வினாடிக்குச் சில அடி வேக வேறுபாடு இலக்கில் தெரியாது. உச்ச அளவைத் தொடாமல் நிரப்பினால் வெயிலின் அழுத்தத்துக்கும் இடம் மிஞ்சும். ஆகவே அருகிலுள்ள இலக்குக்கு உருண்டை, 600 கஜத்துக்கு அப்பால் குச்சி என்ற பொது விதி நியாயமானதே.

எரியும் வேகமும் துப்பாக்கியின் இயக்கமும்

சுள்ளி பற்றியதும் படபடவென்று எரிந்து அடங்கும், கட்டை நின்று எரியும். மருந்துகளுக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. எரியும் வேகத்தின் வரிசைப்படி அவற்றை அடுக்கிய பட்டியல்கள் கிடைக்கின்றன. கைத்துப்பாக்கிக்கும் ஷாட்கன்னுக்கும் ஆனவை விரைவானவை. பெரிய கூடும் கனமான குண்டும் உள்ள தோட்டாக்களுக்கு நிதானமானவை. .223, .308, .30-06 மூன்றுக்கும் பொதுவாகப் பொருந்துபவை நடுப்பகுதியில் உள்ளன. இந்தப் பட்டியல் வரிசையை மட்டுமே காட்டுகிறது, இடைவெளியைக் காட்டுவதில்லை. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மருந்துகளின் அளவை ஒன்றுக்கொன்று மாற்றி இடுவது துப்பாக்கியையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும்.

கையால் இயக்கும் போல்ட் ரைஃபிளுக்கு மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் சுதந்திரம் அதிகம். குண்டு குழலை விட்டு வெளியேறினால் போதும். மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும். வாயுவால் தானே இயங்கும் துப்பாக்கி அப்படி அல்ல. குழலிலுள்ள துளை வழியே எடுக்கும் வாயுதான் அதன் உறுப்புகளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. குண்டு அந்தத் துளையைக் கடக்கும்போது அங்கே எவ்வளவு அழுத்தம் மிஞ்சியிருக்கிறது என்பதே முக்கியம்.

எம்1 கேரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிள் இதற்குச் சிறந்த உதாரணம். அதன் வாயுத் துளை குழலின் முனைக்கு அருகில் இருக்கிறது. வாயுவின் உதையை வாங்குவது நீண்ட இயக்கத் தண்டு. நிதானமாக எரியும் மருந்தை இட்டால் அறையிலுள்ள உச்ச அழுத்தம் வரம்புக்குள்ளேயே இருக்கும். ஆனால் முனைக்கருகே அழுத்தம் மிகுந்து தண்டு வளையும். ஐஎம்ஆர் 4895, ஐஎம்ஆர் 4064 ஆகியவற்றின் எல்லையில் நிற்கச் சொல்லும் அறிவுரை அதனால் எழுந்தது. கேரண்டுக்கான போர்க்கால ராணுவத் தோட்டாவில் பயன்பட்டதும் 4895தான். சரக்கு அறையில் மலிவாகக் கிடக்கும் 4831ஐ கேரண்டில் போட்டுத் தீர்க்க நினைப்பவர் சில டாலர் மிச்சத்துக்காக சில தலைமுறைகளுக்கு முந்தைய துப்பாக்கியைக் கெடுக்கிறார்.

மருந்து மாற்றத்தின் விலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை எம்16 வரலாறு காட்டுகிறது. அந்த ரைஃபிளின் தொடக்கத் தோட்டாவில் இருந்தது ஐஎம்ஆர் 4475 என்ற குச்சி மருந்து. வேகமும் அழுத்தமும் குறித்த நிபந்தனையைப் பெருந்தயாரிப்பில் எட்டுவது கடினமானபோது, 1964இல் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கு ராணுவம் மாறியது. வாயுத் துளை அழுத்தம் ஏறியது. தானியங்கிச் சூட்டின் வேகம் கூடியது. கால்சியம் கார்பனேட் கசடு வாயுப் பாதையில் படிந்தது. அறைக்குக் குரோமியம் பூச்சு இல்லாததும், துப்புரவுக் கருவிகளும் பயிற்சியும் போதாததும் சேர்ந்துகொள்ள, வியட்நாமில் வீரர்களின் துப்பாக்கிகள் நெருக்கடியான நேரத்தில் சிக்கின. 1967இல் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையில் நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்தது. பிறகு அந்த மருந்தில் கால்சியம் கார்பனேட்டைக் குறைத்தார்கள். அப்படி வந்ததே டபிள்யூசி 844. இன்று எச் 335 என்ற பெயரில் கடையில் கிடைப்பது அதன் குடும்பத்தைச் சேர்ந்ததே. குறை உருண்டை வடிவத்தில் இல்லை. துப்பாக்கியையும் மருந்தையும் சேர்த்துச் சோதிக்காமல் ஒன்றை மட்டும் மாற்றியதில்தான் தவறு இருந்தது.

குறை அளவுத் தோட்டா

உண்மையான சிக்கனம் போல்ட் ரைஃபிளில், குறைந்த அளவு மருந்தோடு வார்ப்பு ஈயக் குண்டைச் சுடுவதில் இருக்கிறது. .30-06க்கு 48 கிரெய்ன் போகும் இடத்தில், விரைவாக எரியும் மருந்து 15 கிரெய்ன் அளவில் போதும் என்றால் ஒரு பவுண்டில் 466 தோட்டா. மருந்துச் செலவு 27 சென்டிலிருந்து 9 சென்டுக்கு இறங்கும். ஈயத்தை வீட்டிலேயே உருக்கி வார்க்கிறவருக்குக் குண்டின் செலவும் சுருங்கிவிடும். தோள் வலிக்காது, சத்தம் குறையும், குழலின் தொண்டைப் பகுதி அரிவது வெகுவாகக் குறையும், கூடு பல முறை தாங்கும். யூனிக், ரெட் டாட், 2400 ஆகியவை இந்த வேலைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன.

ஆனால் ஆபத்துகள் கூடுவதும் இங்கேதான். பெரிய கூட்டில் சிறிய அளவு மருந்து அடியில் ஒட்டிக் கிடக்கும். தவறுதலாக இரண்டாம் முறை விழுந்தாலும் கூடு நிரம்பி வழியாது. கண்ணுக்குப் படாமல் போகும். இரட்டை அளவு விரைவு மருந்து ரைஃபிளை உடைத்தெறியக்கூடியது. கூடுகளை அட்டையில் நிறுத்தி, குண்டு செருகும் முன் ஒவ்வொன்றின் உள்ளேயும் விளக்கடித்துப் பார்ப்பதைச் சடங்குபோல் கடைப்பிடிக்க வேண்டும். பேச்சுக்கும் தொலைபேசிக்கும் அந்த மேசையில் இடமில்லை. இன்னொரு குறை: கூட்டின் வெற்றிடத்தில் மருந்து முன்பக்கம் கிடக்கிறதா பின்பக்கம் கிடக்கிறதா என்பதற்கேற்ப வேகம் மாறும். கூட்டை அதிகம் நிரப்பும் பருமனான மருந்துகளில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு.

நிதான மருந்தைக் குறைத்துப் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் இன்னும் ஆபத்தானது. நிதான மருந்தை அச்சிட்ட தொடக்க அளவுக்கும் கீழே இறக்கினால் சரியாகப் பற்றாமல் போகலாம், தாமதித்து வெடிக்கலாம், எதிர்பாராத உச்ச அழுத்தமும் எழலாம் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. எச் 110 போன்ற சில மருந்துகளை 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று உற்பத்தியாளரே சொல்கிறார். இதற்கு விதிவிலக்காக நிற்பது எச் 4895. அது இடம்பெறும் தோட்டாக்களில், அச்சிட்ட உச்ச அளவின் 60 விழுக்காடு வரை இறக்கலாம் என்பது ஹாட்ஜ்டன் நிறுவனமே வெளியிட்ட வழிகாட்டல். இளையோருக்கும் புதியவர்களுக்கும் மென்மையான பயிற்சித் தோட்டா வேண்டுமென்றால் இதைவிட நேர்மையான வழி இல்லை. அது எச் 4895க்கு மட்டுமே பொருந்தும். ஐஎம்ஆர் 4895 வேறு மருந்து. எண் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று கொள்வது இந்தக் கலையில் மிகப் பழைய விபத்துக் காரணங்களுள் ஒன்று. எச் 4831, ஐஎம்ஆர் 4831 இரண்டுக்கும் இதே எச்சரிக்கை.

தானியங்கி ரைஃபிள் வைத்திருப்பவர் குறை அளவுத் தோட்டாவால் பயன் பெறுவது கடினம். வாயு போதாமல் கூடு வெளியேறாது. அவருக்குச் சிக்கனம் என்பது நடுத்தர அளவில், எளிதாக ஓடும் உருண்டை மருந்தும் மொத்தமாக வாங்கிய சாதாரண 55 கிரெய்ன் குண்டும்தான்.

மொத்தமாக வாங்குவது

அமெரிக்காவில் மருந்தையும் பிரைமரையும் அனுப்பும் ஒவ்வொரு பொதிக்கும் ஆபத்துப் பொருள் கட்டணம் உண்டு. ஒரு பவுண்டு வாங்கினாலும் பல பவுண்டு வாங்கினாலும் அது ஒன்றே என்பதால், 8 பவுண்டுக் கொள்கலனாக வாங்குவதும், நண்பர்கள் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைப்பதும் வழக்கம். இதில் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. மருந்து தொகுதி தொகுதியாகத் தயாராகிறது; தொகுதிக்குத் தொகுதி சிறு வேறுபாடு இருக்கும். ஒரே தொகுதி எண் கொண்ட 8 பவுண்டு, .223இல் 2,240 தோட்டாவுக்கு ஒரே குணத்தைக் கொடுக்கும். அத்தனை சூட்டிலும் மாறுவது சுடுகிறவரின் கை மட்டுமே என்பதால் தன் தவறு அவருக்குத் தெளிவாகத் தெரியும். பயிற்சிக்கு இது பெரும் பேறு. புதிய தொகுதி வந்தால் கீழிருந்து மறுபடி சோதித்து ஏற வேண்டும்.

பழைய ராணுவத் தோட்டாவைப் பிரித்தெடுத்த மருந்தும் சில நேரம் குறைந்த விலைக்கு வருகிறது. சில்லறையாக விற்கும் மருந்தைப் பட்டியலோடு பொருந்தும்படி கலந்து சீராக்கித் தருகிறார்கள். ராணுவத் தொகுதிக்கு அப்படி இல்லை. அந்தந்தத் தொகுதிக்கு ஏற்பத் தொழிற்சாலையே அளவைச் சோதித்து மாற்றிக்கொள்ளும். அந்தக் கருவிகள் வீட்டில் இல்லை. அனுபவமுள்ளவர்கூடத் தொகுதிச் சான்றும் விற்பவரின் அளவுக் குறிப்பும் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. புதியவருக்கு இது வேண்டாம். பெயர்ச்சீட்டு இல்லாத கொள்கலனில் வரும் மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் விலை அதிகம்தான்.

சேமிப்பும் இந்தக் கணக்கில் அடக்கம். மருந்து குளிர்ந்த, உலர்ந்த இடத்தில், தன் சொந்தக் கொள்கலனிலேயே இருக்க வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் விதித்தொகுப்பு வீட்டில் 20 பவுண்டுவரை அப்படி வைக்க அனுமதிக்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டுவரை ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டியைக் கேட்கிறது. உள்ளூர்ச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். புளித்த அமில வாடையோ செம்பழுப்புப் புகையோ தெரிந்தால் அந்த மருந்து கெட்டுவிட்டது. அதை அப்புறப்படுத்தியே ஆக வேண்டும்.

என்ன தேர்ந்தெடுப்பது

தானியங்கி .223 சுடுகிறவருக்கு எச் 335 வரிசையைச் சேர்ந்த உருண்டை மருந்துகள் முதல் தேர்வு. கேரண்டுக்கு ஐஎம்ஆர் 4895 அல்லது 4064. அதில் சிக்கனம் தேடி எல்லை தாண்ட வேண்டாம். ஒரே மருந்தை .223, .308, .30-06 மூன்றுக்கும் வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கும், வீட்டுப் பிள்ளைகளுக்கு மென்மையான தோட்டா வேண்டுகிறவருக்கும் எச் 4895. போல்ட் ரைஃபிளும் பொறுமையும் உள்ளவருக்கு வார்ப்பு ஈயக் குண்டும் விரைவு மருந்தும். எதுவானாலும் நடப்புக் கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற வேண்டும். குண்டு இலக்கில் ஒழுங்காகக் குவிகிற, துப்பாக்கி சிக்காமல் இயங்குகிற இடம் வந்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு அதற்கு மேல் வேகம் தேவையில்லை. கூடும் ஒவ்வொரு கிரெய்னும் பணத்தையும் குழலின் ஆயுளையும் தின்கிறது.

விலைப்பட்டியலில் மிகக் கீழே உள்ள மருந்தைத் தேடி அலைபவர் சென்ட் கணக்கில்தான் மிச்சம் பிடிப்பார். தன் துப்பாக்கியை அறிந்து, பொருந்தும் மருந்தை ஒரே தொகுதியாக வாங்கி, அளவோடு நிரப்புகிறவர் அதே பணத்தில் அதிகம் சுடுவார். சுட்டதிலிருந்து அதிகம் கற்பார். பயிற்சித் தோட்டாவின் விலையை அளக்க அதுவே சரியான அளவுகோல்.